கல்லூரி ஷூட்டரை டிராஃப்டில் எடுக்கலாமா? சதவீதத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்ட் நெருங்கும்போதெல்லாம் ரசிகர்களிடையே ஒரு வழக்கு கட்டாயம் ஓடும். "பையன் கல்லூரியில் த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) 42 சதவீதம் போட்டிருக்கிறான், யோசிக்காமல் எடுங்கள்" என்பது ஒரு கட்சி. "உயரம் பத்தாது, டிபென்ஸ் வராது, ரெண்டு வருஷத்தில் ஆளே இருக்கமாட்டான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் உதாரணங்கள் தாராளமாகக் கிடைப்பதால் வழக்கு தீர்வதே இல்லை. உண்மையில் அந்த ஒற்றைச் சதவீதத்தை வைத்து யாராலும் தீர்ப்பு சொல்ல முடியாது. கூடைப்பந்தை இப்போதுதான் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்திருப்பவர் வேறு எதையெல்லாம், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் டிராஃப்ட் பற்றி இரண்டு வரி. என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு சுற்றுகளாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃபுக்குப் போகாத 14 அணிகள் லாட்டரிக்குள் வரும். முதல் நான்கு இடங்கள் குலுக்கலில் முடிவாகும். 2019 முதல் கடைசி மூன்று இடங்களில் முடித்த அணிகளுக்கு முதல் பிக் (முதலாவதாக வீரரை எடுக்கும் உரிமை) விழும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். ஆக, நல்ல பிக் கையில் வருவதே அபூர்வம். அதை ஒரு ஷூட்டருக்காகச் செலவழிக்கலாமா என்பதுதான் கேள்வி.

ஷூட்டருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கணக்கு எளிது. 36 சதவீதம் போடுபவர் 100 த்ரீ எறிந்தால் 108 புள்ளி. அதே 108-ஐ இரண்டு புள்ளி ஷாட்டுகளில் எடுக்க வேண்டுமானால் 54 சதவீதம் போட வேண்டும். கூடைக்கு அடியில் போய் எறிபவரால் அது முடியும். நடுத்தூரத்திலிருந்து எறிபவருக்குக் கடினம்.

ஆனால் ஷூட்டர் தரும் பெரிய லாபம் புள்ளிப் பட்டியலில் தெரியாது. 2008 நவம்பரில் டேவிட்சன் கல்லூரியும் மேரிலாந்து மாநிலத்தின் லயோலாவும் மோதிய ஆட்டத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான, அப்போது டேவிட்சனில் ஆடிய ஸ்டெஃபன் கரியை அடக்க லயோலா ஆட்டம் முழுக்க இரண்டு பேரை அவர் மேலேயே ஒட்ட வைத்தது. கரி பெரும்பாலும் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மூன்றே ஷாட் எறிந்தார், ஒன்றும் விழவில்லை, ஆட்டத்தில் அவர் எடுத்தது பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டு பேர் கரியோடு நின்றுவிட்டதால் மற்ற நான்கு பேரும் மூன்று பேரை எதிர்த்து ஆடினார்கள். இதைத்தான் கிராவிட்டி என்கிறார்கள். நல்ல ஷூட்டர் பந்தைத் தொடாமலே எதிரணியின் ஓர் ஆளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். நடுவில் மற்றவர்களுக்கு வழி திறக்கும்.

ஆனால் இந்த லாபம் கிடைக்க அவர் களத்தில் இருக்க வேண்டும். பல ஷூட்டர்களின் என்.பி.ஏ. வாழ்க்கை தடுமாறியது இந்த இடத்தில்தான்.

2011: பத்தாவது பிக், பதினோராவது பிக்

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள 2011 டிராஃப்டைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த ஆண்டு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய நட்சத்திரம். ஆட்டத்துக்கு சராசரி 28.9 புள்ளி; நாட்டிலேயே முதலிடம். வாஷிங்டன் ஸ்டேட்டின் கிளே தாம்ப்சனுக்கு 21.6. இருவரின் த்ரீ சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 40-ஐ ஒட்டி. ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குப் பிறகு மறிப்பில்லாமல் எறியும் ஷாட்) ஜிம்மர் 89 சதவீதம், கிளே 84. காகிதத்தில் ஜிம்மர்தான் மேல்.

ஜிம்மர் பத்தாவது பிக்காகப் போனார். மில்வாக்கி அணி எடுத்து சாக்ரமெண்டோ அணிக்கு மாற்றிக்கொடுத்தது. அடுத்த பிக்கில் கோல்டன் ஸ்டேட் கிளேயை எடுத்தது. ஒருவர் சில ஆண்டுகளில் அணி அணியாக மாறி, பிறகு சீனாவின் ஷாங்காயில் புள்ளிகளைக் குவித்தார். இன்னொருவர் நான்கு சாம்பியன்ஷிப் மோதிரங்களோடு நிற்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிம்மரின் எறிதல் என்.பி.ஏ.வில் கெட்டுப்போகவில்லை. அவருடைய மொத்த என்.பி.ஏ. த்ரீ சதவீதம் 37. லீக் சராசரிக்குக் குறைவில்லாத எண். எறிதலைச் சுற்றியிருந்த மற்றவைதான் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில். தானே டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்ந்து), தானே இடம் உண்டாக்கி, தானே எறிவார். என்.பி.ஏ.வில் 6 அடி 2 அங்குலத்துக்காரரை நீளமான கைகள் கொண்ட கார்டுகள் (கூடைக்கு வெளியே தள்ளி ஆடும் வீரர்கள்) மறித்தபோது அந்த இடம் உண்டாகவில்லை. பந்து இல்லாமல் ஓடி இடம் பிடிக்கும் வேலையை அவர் பழக வேண்டியிருந்தது. டிபென்ஸிலோ, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வேகமான பாயிண்ட் கார்டுகளை மறிக்கக் கால் வேகம் போதவில்லை.

உயரம்தான் காரணம் என்று சட்டென்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே இரவு அதே சாக்ரமெண்டோ 60-வது, அதாவது கடைசி பிக்கில் 5 அடி 9 அங்குல ஐசயா தாமஸை எடுத்தது. அந்த சீசனிலேயே பாயிண்ட் கார்டு இடத்தைப் பிடித்தவர் தாமஸ்தான். எதிராளியைத் தாண்டிப் போகும் வேகமான முதல் எட்டு அவரிடம் இருந்தது.

கிளேயோ 6 அடி 6 அங்குலம். பந்து இல்லாமலே ஆடத் தெரிந்தவர். 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அதற்கு மொத்தம் 11 முறைதான் டிரிபிள் செய்தார், பந்து அவர் கையில் இருந்ததும் சுமார் 90 விநாடிதான். பக்கத்தில் கரி இருந்த கோல்டன் ஸ்டேட் அணியில் இப்படிப்பட்டவருக்குத் தனியாகப் பந்து ஒதுக்கவே வேண்டியதில்லை. எதிரணியின் சிறந்த கார்டை மறிக்கும் வேலையையும் கிளேயிடமே கொடுத்தார்கள், கரியின் பாரம் அதில் குறைந்தது.

எண்களை எப்படிப் படிப்பது?

கல்லூரி சீசன் சின்னது, 30 முதல் 38 ஆட்டம். சாதாரண ஷூட்டர் ஒரு சீசனில் 150 த்ரீ எறிவார். 40 சதவீதம் என்றால் 60 விழுந்திருக்கிறது. அதே திறமையோடு, அதிர்ஷ்டம் மட்டும் கொஞ்சம் முன்பின் ஆனால் 54 விழலாம், 66-உம் விழலாம். 54 என்றால் 36 சதவீதம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 66 என்றால் 44 சதவீதம், லாட்டரி பிக். ஆறே ஆறு பந்து ரிங்கில் பட்டு உள்ளே போனதா வெளியே போனதா என்பதில்தான் இவ்வளவும் இருக்கிறது.

இதற்கு ஒரு சுலபமான திருத்தம் உண்டு. வீரரின் எண்களோடு கற்பனையாக 100 சராசரி த்ரீக்களைச் சேர்த்துவிடுங்கள். கல்லூரிச் சராசரி 34 சதவீதத்தை ஒட்டியது என்பதால், எறிந்ததில் 100, விழுந்ததில் 34 கூட்டினால் போதும். கென்டக்கியின் ரீட் ஷெப்பர்டு 2023-24 சீசனில் 144 எறிந்து 75 போட்டார், 52.1 சதவீதம், மலைக்க வைக்கும் எண். திருத்திப் பார்த்தால் 244-க்கு 109, அதாவது 44.7. இன்னும் பிரமாதம்தான், ஆனால் நம்பக்கூடிய பிரமாதம். இப்போது நான்கு வருடம் ஆடி 700 எறிந்து 280 போட்ட ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருடைய 40 சதவீதம் திருத்திய பிறகு 39.25-தான் ஆகும், அசையவே அசையாது. நிறைய எறிந்தவரின் எண்ணை அதிகம் நம்பலாம் என்பதை இந்தச் சின்னக் கணக்கே காட்டிவிடும்.

அடுத்தது ஃப்ரீ த்ரோ. புதியவர்கள் தவறவிடுவதும், அனுபவமுள்ளவர்கள் முதலில் புரட்டுவதும் இந்தப் பக்கம்தான். 15 அடி தூரம், மறிக்க ஆளில்லை, அவசரமில்லை. கையின் இயல்பான தரம் மட்டுமே அங்கே தெரியும். அதனால் ஒருவர் வருங்காலத்தில் எப்படி எறிவார் என்பதற்கு, 150 த்ரீயை மட்டும் பார்ப்பதைவிட அதோடு ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல குறி காட்டும். 85-க்கு மேல் என்றால் நிம்மதி. 80 நல்லது. த்ரீ 41, ஃப்ரீ த்ரோ 68 என்றிருந்தால் அந்த 41-ஐ நம்பாதீர்கள். அது அநேகமாக ஒரு நல்ல சீசனின் அதிர்ஷ்டம். ஷெப்பர்டுக்கு ஃப்ரீ த்ரோ 83. நல்ல எண்தான், ஆனால் 52 சதவீத த்ரீக்காரரிடம் எதிர்பார்க்கும் 90 இல்லை. மேலே செய்த திருத்தம் சரியான திசையில் போகிறது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். 2011-லேயே 15-வது பிக்காகப் போன காவாய் லெனர்டு கல்லூரியில் த்ரீ போட்டது 25 சதவீதம் மட்டுமே. ஆனால் இரண்டாம் ஆண்டு ஃப்ரீ த்ரோ 76. கை மோசமில்லை, முறையைத் திருத்தலாம் என்பதற்கு அது ஒரு தடயம். அவர் போய்ச் சேர்ந்த சான் அன்டோனியோ அணி திருத்தியது. பிறகு அவர் லீக்கின் நம்பகமான ஷூட்டர்களில் ஒருவரானார்.

மூன்றாவது, எத்தனை எறிகிறார். ஆட்டத்துக்கு மூன்று த்ரீ மட்டும், அதுவும் ஆளே இல்லாதபோது எறிந்து 43 சதவீதம் போடுபவரைவிட, ஏழு எறிந்து 38 போடுபவர் எதிரணிக்கு அதிகத் தலைவலி. கரியின் கல்லூரி எண்களே இதற்கு விளக்கம். இரண்டாம் ஆண்டில் 162 த்ரீ போட்டு என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாதனை படைத்தபோது 43.9 சதவீதம். மூன்றாம் ஆண்டில் பாயிண்ட் கார்டாக மாறி, பந்தைத் தானே கொண்டுவந்து, இரட்டை மறிப்புகளுக்கு நடுவே எறிய வேண்டி வந்தது, சதவீதம் 38.7-க்கு இறங்கியது. கடினமான ஷாட்டுகள் கூடினால் சதவீதம் இறங்கத்தான் செய்யும், அதைத் திறமைக் குறைவாகப் படிக்கக் கூடாது. எல்லோருக்கும் தட்டையான பிட்ச்சில் அடித்த சதத்துக்கும் பந்து திரும்பும் பிட்ச்சில் அடித்த 60-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும், இதுவும் அப்படித்தான். 2009-ல் 5, 6 ஆகிய இரண்டு பிக்கும் மினசோட்டாவிடம் இருந்தன. அது ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் என்ற இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்தது. ஏழாவதாகக் கரி கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார்.

தூரத்தையும் மறக்காதீர்கள். என்.பி.ஏ. கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. ஆண்கள் கல்லூரிக் கோடு 2008 முதல் 2019 வரை 20 அடி 9 அங்குலமாக இருந்தது. 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். பழைய ஜிம்மர், கிளே எண்களை இன்றைய பையன்களின் எண்களோடு நேராக ஒப்பிடுவது தப்பு என்பதற்கு இதுவே போதும். நடுவில் இன்றும் ஒன்றரை அடிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. மூலையில் அநேகமாக இல்லை. மூலையில் நின்று எறிபவர் சீக்கிரம் பழகிவிடுவார். நடுவிலிருந்து எறிபவர், கல்லூரியிலேயே கோட்டுக்கு ஒரு எட்டு பின்னால் நின்று எறிகிறாரா என்று பாருங்கள்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது

சிறந்த காட்சிகளின் தொகுப்பைப் பார்த்து முடிவெடுப்பதுதான் ரசிகர்கள் செய்யும் முதல் தவறு. அதில் விழுந்தவை மட்டுமே இருக்கும். பலமான எதிரணியோடு ஆடிய இரண்டு முழு ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். நவம்பர், டிசம்பரில் சின்னக் கல்லூரிகளோடு நடப்பவை வேண்டாம். ஜனவரிக்குப் பிறகு நடப்பவை நல்லது. ஒரு தாளில் ஒவ்வொரு த்ரீயையும் குறித்துக்கொள்ளுங்கள்: நின்ற இடத்தில் பாஸ் வாங்கி எறிந்தாரா, ஸ்க்ரீனை (மறிப்பவரின் வழியில் தடையாக நிற்கும் சக வீரரை) சுற்றி ஓடிவந்து எறிந்தாரா, டிரிபிள் செய்து எறிந்தாரா, மறிப்பவர் கை எட்டும் தூரத்தில் இருந்தாரா.

நின்று எறிவது மட்டும் தெரிந்தவர்கள் என்.பி.ஏ.வில் ஏராளம், மலிவாகவே கிடைப்பார்கள். ஓடிவந்து, காலை ஊன்றி, உடலைத் திருப்பி, அரை விநாடிக்குள் எறிந்துவிடுபவர் அபூர்வம். அவருக்காகத்தான் எதிரணி தன் திட்டத்தையே மாற்றும். டிரிபிள் செய்து எறிபவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது: இந்த வேலையை என்.பி.ஏ.வில் இவருக்கு யாராவது கொடுப்பார்களா? பெரும்பாலான அணிகளில் பந்தைக் கையில் வைத்திருக்க ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருப்பார்.

எறியும் முறையில் இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். பாஸ் வாங்கியதும் பந்தை இடுப்பு வரை இறக்கி மறுபடி தூக்குகிறாரா? கல்லூரியில் அதற்கு நேரம் கிடைக்கும், என்.பி.ஏ.வில் அந்த இடைவெளிக்குள் ஏழு அடி கைவீச்சு (இரு கைகளையும் விரித்த அகலம்) உள்ளவர் வந்துவிடுவார். அடுத்து, பந்து கையை விடும் உயரம். நெற்றிக்கு மேலிருந்து விட்டால் தப்பிக்கும். மார்புக்கு முன்னாலிருந்து தள்ளினால் தட்டிவிடுவார்கள். இறக்கும் பழக்கத்தை ஒரு கோடைக்காலத்தில் குறைத்துவிடலாம். விடும் இடத்தை மாற்றுவது மிகச் சிரமம், மொத்த முறையையும் கலைக்க வேண்டியிருக்கும்.

எறியாமல் விட்ட ஷாட்டுகளையும் எண்ணுங்கள். இடம் இருந்தும் தயங்கிப் பாஸ் கொடுத்தால் சதவீதம் அழகாக இருக்கும், அணிக்குப் பலன் இருக்காது.

களத்தில் நிற்க முடியுமா?

பிளே ஆஃபில் எதிரணிப் பயிற்சியாளர் முதலில் தேடுவது உங்கள் ஐந்து பேரில் பலவீனமான டிபெண்டரை. அவர் மறிக்கும் ஆளைக் கூப்பிட்டு ஸ்க்ரீன் போடச் சொல்வார்கள், ஆள் மாறும், அவர்களுடைய நட்சத்திரம் உங்கள் ஷூட்டரை நேருக்கு நேர் சந்திப்பார். திரும்பத் திரும்ப இதையே செய்வார்கள். அந்தப் பக்கம் போகும் புள்ளி ஷூட்டர் தரும் புள்ளியைவிட அதிகமானால் அவர் பெஞ்சுக்குப் போவார். 2019-20-ல் 270 த்ரீயை 44.6 சதவீதத்தில் போட்டு, 2021-ல் ஐந்து ஆண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கிய மயாமியின் டங்கன் ராபின்சனே அடுத்த சீசன் முடிவதற்குள் தொடக்க ஐவரில் இடத்தை மாக்ஸ் ஸ்ட்ரூஸிடம் இழந்தார்.

இதைக் கல்லூரி எண்களில் முழுதாகப் பிடிக்க முடியாது, ஆனால் சில குறிகள் உண்டு. மே மாதம் நடக்கும் டிராஃப்ட் கம்பைனில் காலணி இல்லாமல் உயரம், கைவீச்சு, கையைத் தூக்கி நின்ற உயரம் எல்லாம் அளப்பார்கள்; கல்லூரி சொல்லும் உயரத்தைவிட்டு இந்த அளவைப் பாருங்கள். பந்து பறித்த கணக்கையும் பாருங்கள். ஷெப்பர்டு 6 அடி 2 அங்குலம்கூட நிறையாதவர், ஆனாலும் ஹூஸ்டன் அவரை மூன்றாவது பிக்காக எடுத்தது. கல்லூரியில் ஆட்டத்துக்கு 2.5 முறை பந்து பறித்ததும் 42 அங்குலம் குதித்ததும், உயரக் குறைவை ஈடுகட்ட அவரிடம் வழி இருக்கிறது என்று காட்டின. த்ரீயைத் தவிர வேறெந்த எண்ணும் கண்ணில் படாத ஷூட்டரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

எந்த விலைக்கு?

"எடுக்கலாமா" என்பது அரைக் கேள்வி. எந்த பிக்கில் என்பதையும் சேர்த்தால்தான் அது முழுசாகும். 2006-ல் கல்லூரியின் இரண்டு பெரிய ஸ்கோரர்கள் கொன்சாகாவின் ஆடம் மாரிசனும் ட்யூக்கின் ஜே.ஜே. ரெடிக்கும். மாரிசனை மூன்றாவதாக எடுத்த ஷார்லட் அணி அவரிடம் ஒரு நட்சத்திரத்தை எதிர்பார்த்தது. அது நடக்கவில்லை. ரெடிக் பதினோராவதாக ஆர்லாண்டோவுக்குப் போனார். முதல் இரண்டு சீசன் பெரும்பாலும் பெஞ்சு. அதற்குள் டிபென்ஸில் எங்கே நிற்க வேண்டும், ஸ்க்ரீன்களைச் சுற்றி எப்படி ஓட வேண்டும் என்று பழகி, 15 சீசன் ஆடி, 41.5 சதவீதத்தில் முடித்தார். பதினோராவது பிக் என்பதால் அணியால் பொறுக்க முடிந்தது. மூன்றாவது பிக்குக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

மலிவுக்கு உச்சம் கைல் கோர்வர். 2003-ல் 51-வது பிக்கில் அவரை எடுத்த நியூ ஜெர்சி அன்றிரவே பிலடெல்பியாவுக்குப் பணத்துக்கு விற்றது. அந்தப் பணத்தில் ஒரு நகல் எடுக்கும் இயந்திரமும் வாங்கினார்கள். கோர்வர் 17 சீசன் ஆடினார். மேலே சொன்ன ராபின்சனை 2018-ல் யாரும் டிராஃப்டே செய்யவில்லை. ஷூட்டிங் மட்டுமே உள்ளவரை 20-வது பிக்குக்குப் பிறகும், இரண்டாம் சுற்றிலும், அதற்கு வெளியிலும் கண்டுபிடிக்க முடியும்போது, அவருக்காக முதல் ஐந்து பிக்கில் ஒன்றைக் கொடுப்பது வீண் செலவு என்பதே என் கணிப்பு. அங்கே எடுப்பதானால் ஷூட்டிங்கோடு கிளேயின் உயரமோ கரியின் பந்துக் கட்டுப்பாடோ இருக்க வேண்டும். 8 முதல் 15 வரை, உங்கள் அணியில் பந்தை வைத்து ஆடும் ஒருவர் ஏற்கெனவே இருந்தால், ஓடி எறியத் தெரிந்த 6 அடி 5 அங்குலத்துக்காரர் நல்ல தேர்வு.

எடுத்த பிறகு அவசரப்படுவதும் நடக்கிறது. முதல் சுற்று ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டு அணியின் விருப்பம். மூன்றாம் ஆண்டு பற்றிய முடிவை இரண்டாம் சீசன் தொடங்கும் அக்டோபர் இறுதிக்குள் சொல்லிவிட வேண்டும், அதாவது ஒரே சீசனைப் பார்த்துவிட்டு. மிஷிகனில் 44 சதவீதம் போட்ட நிக் ஸ்டௌஸ்கஸை 2014-ல் எட்டாவதாக எடுத்த சாக்ரமெண்டோ, முதல் சீசனில் 32 சதவீதம் போட்டதும் அடுத்த கோடையிலேயே பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. முதல் சீசனில் ஷூட்டர்கள் தடுமாறுவது வழக்கம்: கோடு தள்ளியிருக்கிறது, ஆட்ட நேரம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அந்த ஆண்டில் த்ரீ சதவீதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: ஃப்ரீ த்ரோ கல்லூரி அளவிலேயே இருக்கிறதா, இடம் கிடைத்தபோது தயங்காமல் எறிகிறாரா, நெருக்கமான ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பயிற்சியாளர் அவரைக் களத்தில் விட்டுவைக்கிறாரா.